காய்வதற்கு இருபது நிமிஷம்

அத்தியாயம் 5

காணாமல் போனவர் கடைசியாக இருந்த இடத்துக்குப் போகும்போது நெஞ்சு படபடக்க வேண்டும் என்று எல்லாத் துப்பறியும் கதைகளிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பசித்தது. அவ்வளவுதான். அண்ணிக்கு அதுகூட இல்லை என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தோம். முன்னால் அண்ணி, நடுவில் நான், கடைசியில் தையல்காரி அக்கா.

அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துப்பறியும் ஆபீஸ் என் அண்ணன் ஆரம்பித்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று எழுதிக்கொண்டிருந்த பேனாவைத் திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனார். டீக்கடை பெஞ்சிலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வாரம் அண்ணி வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினார். பேனாவை மட்டும் யாரையும் தொட விடவில்லை. நான் அண்ணனுக்கு உதவியாளனாக இருந்தவன். இப்போது அண்ணிக்கு. மேசை, பீரோ, கொழுந்தன் என்று மொத்தமாகக் கைமாறிவிட்டேன்.

தையல்காரி அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வயது ஐம்பது. நாலு மாதமாகச் சனிக்கிழமை மத்தியானங்களில் வாட்டர் கலர் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தார். போன சனிக்கிழமை போனவர் திரும்பவில்லை. போலீஸில் மூன்றே நாளில் 'சொந்த விருப்பத்தில் வெளியேறியவர்' என்று எழுதி மூடிவிட்டார்கள். அப்படி எழுதிவிட்டால் தேட மாட்டார்கள். அவர் எங்கே எந்த நிலைமையில் கிடந்தாலும் கிடக்க வேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டர் சொன்ன காரணம் மூன்று. போனைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வகுப்பின் பாதியில் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறார். மூன்றாவது, அவர் வரைந்துகொண்டிருந்த படம். ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படம். அறை முழுக்க வண்ணம் பூசிவிட்டுப் பெண்ணின் இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தார். "உங்கள அழிச்சுட்டுப் போயிருக்காரும்மா" என்று இன்ஸ்பெக்டர் விளக்கம் சொன்னாராம். அக்கா "சரிங்க" என்று சொல்லிவிட்டு நேராக எங்களிடம் வந்தாள்.

"நீங்க அழவே இல்லையாக்கா?" என்று படியில் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"வரல தம்பி. பல்லு புடுங்க ஊசி போடுவாங்கல்ல, அது மாதிரி இருக்கு. தொட்டா தெரியுது, வலிக்கல."

"எங்க ரெண்டு பேருக்கும் அதே டாக்டர்தான் போட்டிருக்காரு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

கதவைத் திறந்த டீச்சர் மேப் ஆபீஸில் முப்பது வருஷம் கோடு போட்டு ஓய்வு பெற்றவர். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஏப்ரன் கொண்டு வந்தீங்களா?"

"எந்த ஏப்ரன்?"

"கண்ணாடிக் கடைக்காரர் போட்டுட்டுப் போன ஏப்ரன். வகுப்போடது. எப்பவும் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் வெளிய போவாரு. அன்னிக்கு என்கூடச் சண்டை. அப்படியே விறுவிறுன்னு இறங்கிட்டாரு."

உள்ளே நீளமான மேசை. அதன் மேல் ஏழு பலகைகள், ஒவ்வொன்றிலும் நாலு பக்கமும் டேப் ஒட்டிய காகிதம். சுவரில் எல்லோரும் பார்த்து வரைகிற மூலப்படத்தின் அச்சு. எப்போதோ வாழ்ந்த ஓர் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. ஜன்னலோரம் நீல உடை போட்ட பெண் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். முகம் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சம்தான் தெரிகிறது. ஆறு பலகைகளில் ஆறு நீலப் பெண்கள், சிலருக்குக் கழுத்தே இல்லை. ஏழாவதில் பெண் வடிவத்தில் ஒரு வெள்ளை.

அக்கா அதன் முன்னால் போய் நின்றாள். "அந்த எடம் நான்தானாம்" என்றாள், யாரோ பக்கத்து வீட்டு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

அண்ணி குனிந்து பார்த்தார். "டீச்சர், இத எதால அழிச்சிருக்காரு?"

"அழிக்கிறதா? வாட்டர் கலர்ல போட்டா போட்டதுதாம்மா. அது வெறும் பேப்பர், தொடவே இல்ல. அந்தப் படத்துல எண்ணெய் வண்ணம், வெள்ளையக் கடைசியில மேல வெச்சுக்கலாம். நமக்கு அது நடக்காது. வெளிச்சம் வேணும்னா முதல்லயே எடம் விட்டு வெக்கணும். என் வகுப்புல வெள்ளை டியூபே கிடையாது."

"சரி, ஏன் தொடாம விட்டாரு?"

"நான்தான் தொடாதீங்கன்னேன். முதல்ல சுவரு, தரை, ஜன்னல். அது காஞ்சப்புறம்தான் ஆளு. ஈரத்துல ஆள வெச்சா முகம் சுவத்துக்குள்ள ஓடிரும்."

"காயறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிஷம். அதுவரைக்கும் எல்லாரையும் வெளிய துரத்திடுவேன். இங்கயே நின்னா கை சும்மா இருக்காது, ஈரத்துல நோண்டிக் கெடுத்துருவாங்க. அவங்கவங்க ஒரு சுத்து போயிட்டு வருவாங்க. இவரு மட்டும் வரல."

"போன்?"

"போன் இருந்தா உள்ளயே விட மாட்டேன். வீட்டுலயோ கடையிலயோ வெச்சுட்டு வரணும்."

"போலீஸ்ல இதெல்லாம் கேட்டாங்களா?"

"ஏன் வெள்ளையா இருக்குன்னு கேட்டாங்க. முடிக்கலன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

நான் அண்ணியைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரின் மூன்று காரணங்களும் டீச்சரின் வாயால் அஞ்சு நிமிஷத்தில் காலி. அண்ணி அதைக் கொண்டாடவில்லை. அவர் கை, பலகைக்குப் பக்கத்திலிருந்த வண்ணத் தட்டின் மேல் இருந்தது. தட்டில் ஒரு துண்டுத் துணி ஒட்டிக் காய்ந்து விறைத்திருந்தது. இழுத்தார். கீழே, ஒரு குழி நிறைய நீலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"அது உடைக்கான நீலம்" என்றார் டீச்சர். "முதல் மாசம் கொஞ்சமாக் கலந்துட்டு, பாதி உடையில தீர்ந்து போயித் திண்டாடுவாரு. மறுபடி கலந்தா அதே நீலம் வராது. அதனால இந்தப் படத்துக்கு முழு உடைக்கும் முதல்லயே கலந்து வெச்சுட்டாரு."

"இந்தத் துணி?"

"ஈரத்துணி. வர்ற வரைக்கும் காயாம இருக்கட்டும்னு மூடறது."

அண்ணி துணியை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். "ஓடிப்போறவரு, கலந்த வண்ணம் காயக் கூடாதுன்னு ஈரத்துணி போட்டு மூடுவாரா தம்பி?"

"ஏப்ரன் மாட்டிக்கிட்டும் ஓட மாட்டாரு அண்ணி. பேரே கெட்டுடும்."

"திரும்பி வர்றவங்கதான் இப்படிப் பாதியில வெச்சுட்டுப் போவாங்க."

அவருக்கு எது ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே பேனாதான் வந்தது. இருந்தாலும் கண் கலங்கவில்லை. எட்டு மாதமாக இப்படித்தான் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

"சண்டை எதுக்கு டீச்சர்?" என்றேன்.

"நீங்களே பாருங்க." டீச்சர் ஸ்கேலால் இரண்டு படத்தையும் தட்டிக் காட்டினார். "அதுல நேரான முதுகு வெச்ச நாற்காலி. இவரு உருண்ட முதுகுப் பிரம்பு நாற்காலி போட்டிருக்காரு. அதுல பச்சைச் சுவரு. இவரு சாம்பலும் மஞ்சளும். அதுல ஜன்னலுக்குத் திரை, வெளிய தோட்டம். இவரு ஜன்னல்ல அஞ்சு கம்பி, வெளிய தண்ணித் தொட்டி! கட்டம் போட்டுக் காப்பி பண்ணச் சொன்னா, கட்டத்த விட்டுட்டுக் கைக்கு வந்தத வரஞ்சிருக்காரு. பார்த்ததப் போடுங்கன்னு கத்துனேன். 'பார்த்ததத்தான் போட்டேன்'னாரு."

நான் அண்ணியின் காதருகே போய், "வேற ரூம், வேற நாற்காலி. உட்கார வேற ஆளும் இருந்துடப் போகுது" என்று முணுமுணுத்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் தையல் மிஷின் சத்தத்திலேயே வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டுப் பழகிய காது அக்காவுக்கு.

"இருக்கட்டும் தம்பி" என்றாள். "அவரு எங்கயாவது இருந்தா போதும்."

எனக்கு வாயில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அண்ணி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பார்த்ததத்தான் போட்டேன்னாருல்ல, அப்ப இது நிஜமா எங்கயோ இருக்கற ரூம். சனிக்கிழமை தவறாம இருபது நிமிஷம். போக, உட்கார்ந்து பார்க்க, வர. எட்டு நிமிஷ நடைக்கு மேல இருக்காது. தொட்டிக்கு நாலு கால். ஏணி வலப்பக்கம். தொட்டியோட அடிப்பாகம் ஜன்னல் கட்டைக்குச் சமமாத் தெரியுது. அப்ப தரையில இருந்து பார்த்த ஜன்னல் இல்ல, ரெண்டு மூணு மாடி ஏறணும்."

"ஆக, தொட்டியப் புடிச்சா வீட்டப் புடிக்கலாம்."

"ம். வாங்க."

டீச்சர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஏப்ரன் கிடைச்சா..."

"துவைச்சுக் கொண்டு வந்து குடுக்கறோம்" என்றேன்.

தண்ணீர்த் தொட்டியைத் தேட வேண்டியதே இல்லை. தெருவில் இறங்கித் தலையைத் தூக்கினால் கூரைகளுக்கு மேலே தெரிந்தது. ஏணியைத்தான் தேட வேண்டியிருந்தது. முதல் தெருவிலிருந்து பார்த்தால் ஏணி இடப்பக்கம். அடுத்த தெருவில் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மூன்றாவது தெருவில் வலப்பக்கம் வந்தது. அந்தத் தெருவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றே ஒன்று. சாரம் கட்டி வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிக் கடைக்காரரா? சனிக்கிழமையானா வருவாரே" என்றார். "மூணாவது மாடி, காலி ரூம். வாடகைக்குக் கேட்டு வெச்சிருக்காரு. நாற்காலிகூடப் பழைய குடித்தனக்காரங்க விட்டுட்டுப் போனதுதான். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போயிருவாரு."

"கூட யாராவது...?" என்று இழுத்தேன்.

"தனியாத்தான் சார். வெறும் ரூமுல என்னதான் பார்ப்பாரோ."

"போன சனிக்கிழமை வந்தாரா?" என்றார் அண்ணி.

"நான் பார்க்கலம்மா. டீ குடிக்கப் போயிருந்தேன். அவரே ஆணியில இருந்து சாவி எடுத்துக்குவாரு. சாயங்காலம் பார்த்தா சாவி கதவுலயே தொங்குது. மறந்துட்டுப் போயிட்டாருன்னு எடுத்து மாட்டிட்டேன்."

மூன்று மாடி ஏறினோம். கைப்பிடிச் சுவரெல்லாம் புது வெள்ளை. படியெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிந்தியிருந்தது. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார்.

சாம்பலும் மஞ்சளும் கலந்த சுவர். அஞ்சு கம்பி ஜன்னல். அதற்கு வெளியே தொட்டி, வலப்பக்கம் ஏணி. ஜன்னலோரம் உருண்ட முதுகுப் பிரம்பு நாற்காலி. படத்துக்குள்ளே கதவைத் திறந்துகொண்டு நுழைந்ததுபோல இருந்தது. வேறு எதுவும் இல்லை. பெண் இல்லை, சீப்பு இல்லை, ஒரு கொடிக் கயிறுகூட இல்லை. நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த கதை மொத்தமும் சரிந்தது.

"தரையப் பாருங்க" என்றார் அண்ணி.

நாற்காலிக்கு முன்னால் சாக்பீஸ் கோடுகள். ஒரு நீள்சதுரம், அதற்குள் கீழே, இடப்பக்கம் தள்ளி ஒரு சின்னச் சதுரம். அக்கா மண்டியிட்டாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை உருவினாள். ஆறு நாளாக அது அங்கேயேதான் தொங்கியிருக்க வேண்டும். நீளம் அளந்தாள், அகலம் அளந்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இடது பாதத்தைச் சின்னச் சதுரத்தில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

"இது என் மிஷின்" என்றாள். "பெடல் எல்லா மிஷின்லயும் நடுவுல இருக்கும். எனக்கு வலது முட்டி மடங்காது. அதனால இடப்பக்கம் தள்ளி மாட்டியிருக்கு. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"இப்ப எங்க உட்கார்ந்து தைக்கறீங்க?" என்றார் அண்ணி.

"கடைக்குப் பின்னால நடையில. டியூப் லைட்டுல. ஊசியில நூல் கோக்கவே முடியல, தடவித்தான் கோக்கறேன். கண்ணாடி மாத்திக் குடுங்கன்னா, 'உனக்குக் கண்ணாடி வேணாம், ஜன்னல் வேணும்'பாரு. கிண்டல் பண்றாருன்னு நினைச்சேன்."

ஜன்னல் வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது. நாங்கள் மூவரும் அந்த வெள்ளைக் காகிதத்தில் பார்த்த அதே இடத்தில், அதே சாய்வில் அவள் உட்கார்ந்திருந்தாள். அழுதுவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் டேப்பைச் சுருட்டினாள்.

"சரி, ஆளு எங்க?" என்றாள்.

சனிக்கிழமை வந்திருக்கிறார், கதவைத் திறந்திருக்கிறார், சாவியைக் கதவிலேயே விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஆளைக் காணோம். கீழே இறங்க ஆரம்பித்தோம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அண்ணியின் செருப்பு ஒரு வெள்ளைச் சொட்டில் வழுக்க, நான் கையைப் பிடித்தேன்.

"பாத்துங்கம்மா" என்றார் வாட்ச்மேன். "போன வாரம் ஒரு பெயிண்ட் அடிக்கிற ஆளு இங்கதான் உருண்டு விழுந்தான். நான் டீ குடிச்சுட்டு வர்றேன், ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டு இருக்காங்க. மூஞ்சி பூரா ரத்தம்."

அண்ணி நின்றார். "உங்க பெயிண்ட் ஆளா?"

"மேஸ்திரி அவரு ஆளு இல்லன்னுட்டாரு. அந்த ஆளுங்க எப்பவும் இப்படித்தான். விழுந்தா நம்ம ஆளு இல்லம்பாங்க, செலவு வந்துருமேன்னு."

"பெயிண்ட் ஆளுன்னு எப்படித் தெரிஞ்சது?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? மேல ஏப்ரன், ஏப்ரன் பூரா பெயிண்டு."

"என்ன கலர்?"

"நீலம், ஊதா, மஞ்சள், பச்சை... எல்லாம்தான் இருந்துச்சு."

"இந்தக் கட்டடத்துக்கு என்ன கலர் அடிக்கிறீங்க?"

"வெள்ளைதான். உள்ள, வெளிய எல்லாமே..." வாட்ச்மேன் நிறுத்தினார். தன் சட்டையைப் பார்த்தார். சும்மா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற அவர் தோளிலேயே ரெண்டு வெள்ளைச் சொட்டு இருந்தது. "வெள்ளை இருந்த ஞாபகம் இல்லையேம்மா."

"இருக்காது" என்றார் அண்ணி. "அவங்க வகுப்புல வெள்ளை டியூபே கிடையாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா எங்களைத் தாண்டிப் பாதி மாடி இறங்கிவிட்டிருந்தாள், மடங்காத முட்டியோடு.

பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாவது வார்டில் பதினொன்றாம் கட்டில். தலையில் கட்டு, இடது காலில் மாவுக்கட்டு. காலடியில் மாட்டியிருந்த அட்டையில், 'பெயர் தெரியாது. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி. வயது சுமார் 50' என்று எழுதியிருந்தது. நர்ஸ், போலீஸுக்கு அன்றைக்கே தகவல் அனுப்பியாகிவிட்டது என்றார். அதே ஸ்டேஷன்தான். காணாமல் போன கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பைலில், கிடைத்த பெயிண்ட் ஆள் இன்னொரு பைலில். இரண்டும் ஒரே மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாகக்கூட இருந்திருக்கும். ஏப்ரனை மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார்கள்.

"உயிருக்கு ஒண்ணும் பயமில்ல" என்றார் நர்ஸ். "தலையில அடி. நினைவு வருது, போகுது. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு."

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையைத் தொடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். ரொம்ப நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடி இல்லாத கண். அவளைப் பார்த்தாரா, வெளிச்சத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"காஞ்சிருச்சா?" என்றார்.

"இதத்தான் முழிக்கும்போதெல்லாம் கேக்கறாரு" என்றார் நர்ஸ். "சுவத்தச் சொல்றாருன்னு நினைச்சு, காஞ்சிருச்சு படுங்கன்னு சொல்லுவோம்."

அக்கா அவர் முகத்தருகே குனிந்தாள்.

"ஆறு நாளாச்சுங்க" என்றாள். "நல்லாவே காஞ்சிருச்சு. இருபது நிமிஷம்னு போனீங்க..." அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. வேறொன்று வந்தது. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். ஆறு நாள் அழுகையும் ஒரே மூச்சில் வந்தது. அவர் கை மெதுவாக எழுந்து அவள் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்துக்கொண்டது.

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். வராந்தா பெஞ்சில் அண்ணி உட்கார்ந்தார். ஏப்ரனை நர்ஸிடம் கேட்டு வாங்கியிருந்தேன், டீச்சருக்குக் கொடுத்த வாக்கு. அதை மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே அக்கா இப்போது அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் வீடு பார்த்ததற்கு, படியைப் பார்க்காமல் இறங்கியதற்கு, டீச்சரோடு சண்டை போட்டதற்கு. கேட்க நன்றாக இருந்தது.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"உங்க அண்ணன் பேனா... அதுவும் காஞ்சிருக்கும்ல?"

"எட்டு மாசமாச்சே அண்ணி."

"ம்" என்றார். பிறகு என் மடியிலிருந்த ஏப்ரனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் எழுந்து, யாரும் பார்க்காதபடி அவருக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.